ஃபிர் மரப் பட்டையில் வாழும் ஃபெல்ட் லைக்கன்

செட்டிநாட்டு மசாலாவுக்குக் கல்பாசி வாங்கியவர்கள் எல்லோரும் லைக்கனைக் கையால் தொட்டவர்கள்தான். ஒரு பக்கம் சாம்பல், மறுபக்கம் கறுப்பு, ஓரம் சுருண்டு காய்ந்த சருகு போல இருக்கும் அதைச் சிலர் பூ என்கிறார்கள், சிலர் பாசி என்கிறார்கள். உண்மையில் அது ஒரு பூஞ்சையும் ஒரு பச்சைப் பாசியும் சேர்ந்து கட்டிய ஒரே உடல். இப்படிப்பட்ட கூட்டுடலுக்கு லைக்கன் என்று பெயர். பூஞ்சை வீடு கட்டித் தருகிறது, பாசி வெயிலில் சமைத்துப் போடுகிறது. ஒன்றில் இரண்டு உயிர் இருக்கிறது என்று ஸ்விட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் 1867இல் சொன்னபோது, லைக்கன்களையே ஆயுள் முழுக்கப் படித்தவர்களில் பலர் அதை ஏற்க மறுத்தார்கள்.

இங்கே பார்க்கப்போவது கல்பாசிக்குத் தூரத்து உறவான வேறொரு லைக்கன். எரியோடெர்மா பெடிசெல்லேட்டம் என்பது அதன் அறிவியல் பெயர். கனடாவில் போரியல் ஃபெல்ட் லைக்கன் என்பார்கள். போரியல் என்றால் வடபுலத்துக் குளிர்க்காடு. ஃபெல்ட் என்பது நெய்யாமல், கம்பளி நாரை அழுத்தியே செய்யும் தடித்த துணி. இந்த லைக்கனின் மேற்பரப்பு முழுவதும் அப்படித்தான் மெல்லிய மயிர் படர்ந்து கிடக்கும். கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா, நியூஃபவுண்ட்லாந்து ஆகிய இடங்களில், கடல் மூடுபனி ஏறி வரும், ஃபிர் என்ற ஊசியிலை மரக் காடுகளில், மரப்பட்டையில் ஒட்டி வாழ்கிறது. மண்ணில் வளராது, பாறையிலும் வளராது.

எடுத்துக்காட்டாக இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. லைக்கன் என்றால் என்ன என்று புரிய எந்த இனமும் போதும். ஒரு லைக்கன் ஏன் அரிதாகிறது, யாரும் தொடாமலே எப்படிச் சாகிறது என்று புரிய இதைப் போல வேறொன்று கிடைப்பது கடினம்.

உள்ளே யார் யார்

கல்பாசிக்குள் இருக்கும் துணை பச்சைப் பாசி. ஃபெல்ட் லைக்கனுக்குள் இருப்பது சயனோபாக்டீரியா, அதாவது நம் பாடப்புத்தகங்கள் நீலப்பசும்பாசி என்று சொல்லும் பாக்டீரியா. முன்பு இதைச் சைட்டோனீமா என்று எழுதினார்கள். மரபணுவைப் பார்த்த பிறகு ரைசோனீமா என்ற தனிப் பேரினத்தில் வைக்கிறார்கள். பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது இரண்டு பெயரும் வரும், குழம்ப வேண்டாம்.

துணை மாறினால் வாழ்க்கையே மாறிவிடும். சயனோபாக்டீரியா ஒளிச்சேர்க்கை செய்வதோடு நிற்பதில்லை, காற்றிலுள்ள நைட்ரஜனையும் பிடித்து உரமாக்குகிறது. மழைநீரைத் தவிர வேறு ஊட்டம் கிடைக்காத மரப்பட்டையில் இது பெரிய வரம். லைக்கன் விழுந்து மக்கும்போது அந்த நைட்ரஜன் காட்டு மண்ணுக்குப் போகிறது.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. பச்சைப் பாசி உள்ள லைக்கன் காய்ந்து கிடந்தாலும், ஈரக் காற்றிலிருந்து நீராவியை உறிஞ்சியே ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடும். சயனோபாக்டீரியா உள்ள லைக்கனால் அது முடியாது. அதற்குத் திரவமாக நீர் வேண்டும்: மழை, தூறல், பனித்துளி, மூடுபனி, மரத்தில் வழியும் நீர், இவற்றில் ஏதாவது ஒன்று. ஜெர்மனியின் ஓட்டோ லாங்கேயும் சக ஆய்வாளர்களும் 1986இல் இதைச் சோதனையில் காட்டினார்கள். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தாலும் துளி படியாவிட்டால் ஃபெல்ட் லைக்கன் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். இந்த இனத்தைப் பற்றிப் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் வேர் இந்த ஒரு செய்தியில் இருக்கிறது.

உடலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேலே பூஞ்சை இழைகள் நெருக்கமாகப் பின்னிய தோல், அதன் மேல் மயிர், தோலுக்கு அடியில் சயனோபாக்டீரியா அடுக்கு, அதற்கும் கீழே தளர்வான வெள்ளைப் பஞ்சு போன்ற மெடுல்லா. கல்பாசிக்கு அடியிலும் கறுப்புத் தோல் உண்டு. ஃபெல்ட் லைக்கனுக்குக் கீழ்த்தோல் கிடையாது, மெடுல்லாவே நேரடியாக வெளியே தெரியும். அதனால் அடிப்பக்கம் வெள்ளை.

எதைப் பார்த்து அடையாளம் காண்பது

இது இலை வடிவ லைக்கன். பெரும்பாலும் 2 முதல் 5 சென்டிமீட்டர் குறுக்களவு இருக்கும். அரிதாக 12 சென்டிமீட்டர் வரை வளர்ந்தவற்றையும் கண்டிருக்கிறார்கள். காய்ந்திருக்கும்போது சாம்பல் கலந்த பழுப்பு. நனைந்தால் சிலேட்டு நீலம். காரணம் எளிது: காய்ந்த மயிரும் தோலும் ஒளியைச் சிதறடித்து உள்ளிருப்பதை மறைக்கின்றன, நனைந்ததும் அவை தெளிந்து உள்ளே இருக்கும் சயனோபாக்டீரியாவின் நிறம் மேலே வருகிறது.

ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். அந்தச் சுருளில் அடிப்பக்கத்து வெள்ளை ஒரு கோடு போலத் தெரியும். நீலச்சாம்பல் வட்டம், அதைச் சுற்றி வெள்ளைக் கரை என்ற சேர்க்கையைக் கண் பழகிக்கொண்டால் சில மீட்டர் தள்ளி நின்றே சந்தேகப்படலாம்.

மேற்பரப்பில் செம்பழுப்பு நிறத்தில் சிறு வட்டத் தட்டுகள் இருக்கும். பூஞ்சையின் வித்துகள் உருவாகும் இடம் அதுதான், அப்போதீசியம் என்பார்கள். குட்டையான காம்பில் சற்றே தூக்கி நிற்பதால்தான் பெடிசெல்லேட்டம், அதாவது சிறுகாம்புடையது, என்ற பெயர் வந்தது.

தவறு அதிகம் நடப்பது இதைப் போலவே தோன்றும் வேறு லைக்கன்களால்தான். முதலாவது, அதே பேரினத்தைச் சேர்ந்த எரியோடெர்மா மொல்லிசிமம். எலிக்காது போல மென்மயிர் அடர்ந்து, ஓரத்தில் மாவு தூவியது போல இருக்கும். அந்த மாவு இருந்தால் அது நம் இனம் இல்லை. இரண்டாவது, நீல ஃபெல்ட் லைக்கன் எனப்படும் பெக்டீனியா பிளம்பியா. இதன் ஓரம் பட்டையோடு அழுந்திப் படிந்திருக்கும், அடியில் கருநீலப் படுகை இருக்கும், வெள்ளைக் கரை இருக்காது. இது பெரும்பாலும் மேப்பிள் போன்ற அகன்ற இலை மரங்களில்தான் வாழும். மூன்றாவது, லோபாரியா ஸ்க்ரோபிகுலாட்டா. குழிகள் விழுந்த பரப்பு, அதிலும் மாவுத் திட்டுகள். நாய் லைக்கன் என்ற பெல்டிஜெராவையும் புதியவர்கள் குழப்பிக்கொள்வார்கள். அதன் அடிப்பக்கத்தில் நரம்பு போன்ற கோடுகள் ஓடும், தரையிலும் மரத்தின் அடிவேரிலும்தான் பெரும்பாலும் இருக்கும்.

பூதக்கண்ணாடி பத்து மடங்கு பெருக்குவது போதும். காய்ந்த நிலையில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிறிய தெளிப்பானில் மழைநீரோ ஓடைநீரோ எடுத்துப்போய் இரண்டு மூன்று முறை மெல்லத் தெளித்து, ஓரிரு நிமிடம் விட்டுப் பாருங்கள். குளோரின் கலந்த குழாய் நீர் வேண்டாம். நிறம் மாறுவதையும் மாவு இல்லாததையும் ஓரத்து வெள்ளையையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் முடிவு கிடைத்துவிடும். ஆய்வகத்தில் பாரா ஃபீனைலீன்டைஅமீன் கரைசலை வைத்தால் ஆரஞ்சு நிறம் வரும். அது நச்சுப்பொருள், களத்துக்கு அவசியமும் இல்லை. நோவா ஸ்கோஷியாவில் இந்த இனம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, ஒரு துண்டைப் பெயர்த்தாலும் குற்றம். நல்ல ஒளிப்படமே போதிய சான்று.

துணையில்லாமல் புறப்படும் வித்து

லைக்கன்கள் பெருகும் வழி இரண்டு. கல்பாசியின் ஓரத்தில் மெல்லிய மாவு போல இருக்கிறதே, அது சொரீடியா. ஒவ்வொரு துகளிலும் கொஞ்சம் பூஞ்சை இழையும் சில பாசிச் செல்களும் ஒன்றாகக் கட்டுண்டிருக்கும். காற்றிலோ மழைநீரிலோ போய் விழுந்த இடத்தில் இரண்டு துணைகளும் சேர்ந்தே இறங்குகின்றன. கட்டுச்சோற்றோடு புறப்பட்ட பயணம் மாதிரி.

ஃபெல்ட் லைக்கனிடம் சொரீடியா இல்லை. அதைப் போல வேலை செய்யும் ஐசிடியா என்ற குச்சிமுளைகளும் இல்லை. அது வெளிவிடுவது வெறும் பூஞ்சை வித்து. அந்த வித்து ஈரமான பட்டையில் விழ வேண்டும், முளைக்க வேண்டும், முளைத்த இழை உணவு தீர்வதற்குள் அதே இடத்தில் சரியான சயனோபாக்டீரியாவைச் சந்திக்க வேண்டும். சந்திக்கவில்லையென்றால் இறந்துவிடும். ஒவ்வொரு புதிய லைக்கனும் புதிதாக நடந்த ஒரு சந்திப்பு. பெற்றோரிடமிருந்து துணையைச் சீதனமாகப் பெற்றுவர வழியே இல்லை.

அந்தச் சயனோபாக்டீரியா பட்டையில் எங்கே தனியாக வாழ்கிறது? ஃபிர் மரத்தின் வடபக்கத்தில் செம்பழுப்பு நிறத்தில் சரிகை ஒட்டியது போலப் படர்ந்திருக்கும் ஒரு சிறு தாவரம் உண்டு. ஃப்ருல்லானியா என்ற லிவர்வொர்ட் வகை. அதன் இலையின் அடிமடல் குட்டித் தலைக்கவசம் போல வளைந்து நீர்ப்பையாக இருக்கும். மழை நின்ற பிறகும் அந்தப் பைக்குள் நீர் தங்கும். சயனோபாக்டீரியா அங்கே குடியிருக்கிறது என்றும், பூஞ்சை வித்து ஃப்ருல்லானியாவின் மேல் விழுந்து அங்கேயே துணையைக் கண்டுகொள்கிறது என்றும் நோவா ஸ்கோஷியாவில் இந்த லைக்கனைப் பல ஆண்டுகள் ஆய்ந்த வொல்ஃப்காங் மாஸ் கருதினார். இளம் ஃபெல்ட் லைக்கன்களைப் பெரும்பாலும் ஃப்ருல்லானியா படர்ந்த இடத்தில்தான் காண முடிகிறது என்பதால், தேடுபவர்களுக்கு அது நல்ல அடையாளம்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். வளர்ந்த ஒரு லைக்கன் தாங்கிக்கொள்ளும் வறட்சியை முளைக்கும் வித்து தாங்காது. ஒரு காட்டில் முதிர்ந்த லைக்கன்கள் நன்றாகத் தெரியலாம், ஆனாலும் அங்கே பல ஆண்டுகளாகப் புதிதாக ஒன்றுகூடப் பிறக்காமல் இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காடு நலமாக இருப்பதாகவே தோன்றும்.

ஏன் அந்தக் கரையோரம்

வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டமும் தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டமும் நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே சந்திக்கின்றன. வெப்பக்காற்று குளிர்நீரின் மேல் படும்போது மூடுபனி எழுகிறது. உலகிலேயே மூடுபனி மிகுந்த கடற்பகுதிகளில் இது ஒன்று. அந்தப் பனி நிலத்துக்குள் நகர்ந்து மரங்களை நனைக்கிறது. முன்பு சொன்ன திரவநீர்க் கணக்கு இங்கே நிறைவேறுகிறது. கோடையில் மழை இல்லாத நாட்களிலும் லைக்கனுக்குக் குடிநீர் உண்டு.

நோவா ஸ்கோஷியாவில் இது கிடைக்கும் இடங்கள் அட்லாண்டிக் கரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. அதற்குள்ளும் எல்லாக் காட்டிலும் இல்லை. ஸ்ஃபாக்னம் என்ற நீர்ப்பஞ்சுப் பாசி தரையில் மெத்தை போலக் கிடக்கும் சதுப்பு, அதன் ஓரத்தில் பால்சம் ஃபிர் மரங்கள், வடக்கு நோக்கிய மெல்லிய சரிவு, இடையிடையே செம்மேப்பிள்: இந்தச் சேர்க்கைதான் அதன் வீடு. ஸ்ஃபாக்னம் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல ஆவியாக விடும். வடக்குச் சரிவும் மரத்தின் வடபக்கமும் வெயிலைத் தடுத்து நனைந்த லைக்கன் சீக்கிரம் காயாமல் பார்த்துக்கொள்கின்றன. நனைவது பாதி, நனைந்தபடி ஒளி பெற்று நெடுநேரம் இருப்பது மறுபாதி. நல்ல இருட்டுக் காட்டில் ஈரம் இருக்கும், ஒளி போதாது. அதனால் மரங்கள் கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்கும் முதிர்ந்த காட்டைத்தான் இது விரும்புகிறது.

பால்சம் ஃபிர் மரத்தை அறிய இலையைத் திருப்புங்கள். தட்டையான ஊசியிலை, அடியில் இரண்டு வெள்ளைக் கோடுகள். இளம் பட்டையில் பிசின் நிறைந்த கொப்புளங்கள் இருக்கும், அழுத்தினால் மணமுள்ள பசை வடியும். நியூஃபவுண்ட்லாந்தில் கருப்பு ஸ்ப்ரூஸ் மரத்திலும் இந்த லைக்கன் உண்டு. அங்கே தண்டில் மட்டுமல்லாமல் கிளைகளிலும் வளர்கிறது.

ஃபிர் மரத்துக்கு ஆயுள் அதிகமில்லை. சில தலைமுறைக் காலம் நின்றுவிட்டு உளுத்துச் சாயும். பட்டை உரிந்தால் லைக்கனும் போயிற்று. ஆகவே ஓரிடத்தில் நிலைத்திருக்க வேண்டுமானால், மரம் விழும் முன்னரே பக்கத்து இளமரங்களுக்குக் குடியேறியாக வேண்டும். ஒரே வயதுள்ள மரங்கள் நிறைந்த நட்டுவளர்த்த காடு இதற்கு உதவாது. குஞ்சு, இளசு, முதியது, பட்டுப்போனது எல்லாம் கலந்த காடு வேண்டும்.

தொடாமலே கொல்வது எப்படி

1902இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபார்லோ, கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் கேம்போபெல்லோ தீவில் இதை முதலில் சேகரித்தார். பிரான்சின் லைக்கன் ஆய்வாளர் ஊ (Hue) 1911இல் புதிய இனமாக விவரித்தார். ஸ்காண்டிநேவியாவில் நார்வேயின் டிரொண்டெலாக் பகுதியிலும் ஸ்வீடனின் வேர்ம்லாண்டிலும் கிடைத்ததை ஸ்வீடன் ஆய்வாளர் ஆல்னர் 1948இல் வேறு இனம் என நினைத்து எரியோடெர்மா போரியாலே என்று பெயரிட்டார். இரண்டும் ஒன்றே என்று தெளிந்து, இன்றைய பெயர் நார்வேயின் யோர்கென்சனால் 1972இல் நிலைபெற்றது. கேம்போபெல்லோவில் இப்போது அது இல்லை. ஸ்வீடனில் அது இருந்த காடு வெட்டப்பட்டதோடு போய்விட்டது.

நோவா ஸ்கோஷியாவில் 1980களின் தொடக்கத்தில் 46 இடங்களில் 169 லைக்கன்கள் கணக்கிலிருந்தன. அதே இடங்களை 1995 வாக்கில் மறுபடி பார்த்தபோது மூன்று இடங்களில் 13தான் எஞ்சியிருந்தன. பின்னர் கனடா இதன் அட்லாண்டிக் கரைக் கூட்டத்தை அழிவின் விளிம்பில் உள்ளது என்றும், நியூஃபவுண்ட்லாந்தின் கூட்டத்தைக் கவலைக்குரியது என்றும் 2002இல் பிரித்து வகைப்படுத்தியது. 2003இல், அருகிவரும் உயிரினங்களைப் பட்டியலிடும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயூசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் மிக அருகிவிட்ட இனமாக இடம்பெற்றது. அந்தப் பட்டியலில் ஏறிய முதல் லைக்கன்களில் இதுவும் ஒன்று.

முதல் காரணம் மரம் வெட்டுவது. லைக்கன் இருக்கும் மரத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ளதை வெட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போதாது. வெட்டிய திடலிலிருந்து வெயிலும் காற்றும் பல பத்து மீட்டர் உள்ளே நுழைகின்றன. காலைப் பனியில் நனைந்த லைக்கன் முன்பு நண்பகல் வரை ஈரமாக இருந்திருக்கும், இப்போது விடிந்த சற்று நேரத்தில் காய்ந்துவிடும். நனைந்ததும் லைக்கன் முதலில் செய்வது மூச்சுவிட்டுச் சர்க்கரையைச் செலவழிப்பது, ஒளிச்சேர்க்கையால் அதைத் திரும்பச் சம்பாதிக்க நேரம் வேண்டும். நேரம் கிடைக்காமல் காய்ந்துபோனால் ஒவ்வொரு நாளும் நட்டக்கணக்கு. மெலிந்து, ஓரம் பழுத்து, சில ஆண்டுகளில் உதிரும். இதோடு ஃபிர் மரத்துக்கு வேர் ஆழமில்லை. பக்கத்து மரங்களின் துணை போனால் புயலில் முதலில் சாய்வது அதுதான். சதுப்பில் வடிகால் வெட்டுவதும், சதுப்பின் மேல் சாலை போடுவதும் இதே வேலையைச் செய்கின்றன. வேகம்தான் குறைவு. லைக்கன் உள்ள இடத்தைச் சுற்றி வெட்டாமல் விடும் வளையம் பற்றி நோவா ஸ்கோஷியாவில் இவ்வளவு வாக்குவாதம் நடப்பது இதனால்தான். வளையம் மரத்தைக் காக்க அல்ல, அந்த மரத்தைச் சுற்றியுள்ள ஈரத்தைக் காக்க. அப்படிப் பார்த்தால் குறுகிய வளையம் ஏன் பயன்படாது என்பது புரியும்.

இரண்டாவது, அமிலம். லைக்கனுக்கு இலைகளுக்கு இருப்பது போல மெழுகுப் பூச்சு கிடையாது, மூடித்திறக்கும் துளைகளும் கிடையாது. மழையில் வருவதெல்லாம் உடல் முழுக்க இறங்கும். உதிர்த்துவிட இலையும் இல்லை. நிலக்கரி மின்நிலையங்களும் உலோக உருக்காலைகளும் வெளிவிட்ட கந்தக டைஆக்சைடு காற்றில் பல நூறு கிலோமீட்டர் கிழக்கே வந்து அமில மழையாக விழுந்தது. மூடுபனித் துளியில் நீர் குறைவாக இருப்பதால் அமிலம் மழையைவிடச் செறிவாக இருக்கும். இந்த லைக்கனை வாழவைக்கும் பனியே இங்கே நஞ்சைச் சுமந்து வந்தது. நைட்ரஜனைப் பிடிக்கும் நைட்ரஜனேஸ் நொதி கந்தக டைஆக்சைடுக்கு எளிதில் தோற்றுவிடும். பட்டையும் அமிலமாகிக்கொண்டே போய், சயனோபாக்டீரியா தனியாக வாழ முடியாத அளவுக்கு வந்தால் வித்துகளுக்குத் துணை கிடைக்காது. நோவா ஸ்கோஷியாவின் கரையோரப் பாறைகளில் சுண்ணாம்பு குறைவு, அமிலத்தைச் சமன்செய்ய எதுவும் இல்லை. 1991இல் கனடாவும் அமெரிக்காவும் காற்றுத்தர ஒப்பந்தம் செய்தபின் கந்தகம் குறைந்தது. ஆனால் மண்ணும் பட்டையும் மீள்வது மெதுவாகத்தான் நடக்கும்.

நியூஃபவுண்ட்லாந்தின் சிக்கல் வேறு. அந்தத் தீவில் மூஸ் மான் இயற்கையாக இருந்ததில்லை. 1878இலும் 1904இலும் மனிதர்கள் கொண்டுவந்து விட்டார்கள். மூஸ் குளிர்காலத்தில் இளம் ஃபிர் கன்றுகளை மேய்ந்துவிடும். முதிர்ந்த மரங்கள் விழ, அவற்றின் இடத்தை நிரப்பக் கன்று இல்லாமல் போகிறது. லைக்கன் குடிபெயரப் பக்கத்து வீடே கட்டப்படவில்லை. வெட்டுக்கத்தி இல்லாமலே காடு கலைகிறது.

இவை தவிர, ஓடற்ற நத்தைகள். வெளிநாட்டிலிருந்து வந்த இனங்களும் இதில் உண்டு. ஈர இரவுகளில் மரத்தில் ஏறி மேல்தோலைச் சுரண்டித் தின்கின்றன. சுரண்டிய இடத்தில் வெள்ளை மெடுல்லா தெரியும். நலமான கூட்டத்துக்கு இது பெரிய அடி இல்லை. ஆனால் ஒரு இடத்தில் மூன்று நான்கு லைக்கன்கள்தான் மிஞ்சியிருக்கும்போது ஒரே இரவு போதும்.

ஒரு நற்செய்தியும் உண்டு. 2009இல் அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவில் இது இருப்பதாக அறிவிக்கப்பட்டது. மேற்கு வட அமெரிக்காவில் அதுவே முதல் பதிவு. நியூஃபவுண்ட்லாந்தின் அவலான் தீபகற்பத்திலும் பே டெஸ்போர் பகுதியிலும் கணிசமான எண்ணிக்கையில் வாழ்கிறது. நோவா ஸ்கோஷியாவிலும் வரைபடத்தில் ஃபிர், சதுப்பு, கரைத்தூரம் மூன்றையும் பொருத்திப் பார்த்துத் தேடியதில் புதிய இடங்கள் கிடைத்தன. இனி எங்கேயும் இல்லை என்று கைவிட்டிருந்தால் அவையும் வெட்டுக்குப் போயிருக்கும்.

பெயர்த்தெடுத்து வேறு காட்டில் ஒட்டலாமே என்றால், புதிய இடம் அதற்கு ஏற்றதாக இருந்தால் பெரும்பாலும் அது அங்கே முன்பே இருந்திருக்கும். பழைய இடம் ஏற்றதாக இருந்தால் பெயர்க்கவே வேண்டாம். ஆய்வகத்தில் பூஞ்சையையும் சயனோபாக்டீரியாவையும் தனித்தனியே வளர்க்கலாம், இரண்டையும் சேர்த்து முழு லைக்கனாக்குவது மிகக் கடினம். நாற்றங்கால் போட்டு நடும் பயிர் இல்லை இது.

தேடிக் கணக்கெடுக்கும் முறை

தூறலோ மூடுபனியோ உள்ள நாளைத் தேர்ந்தெடுங்கள். வெயில் நாளில் காய்ந்த லைக்கன் பட்டையின் நிறத்தோடு கலந்து கண்ணுக்குத் தப்பிவிடும். சதுப்பின் ஓரமாக நடந்து, ஒவ்வொரு ஃபிர் மரத்தின் வடபக்கத்தையும் முழங்கால் உயரத்திலிருந்து தலைக்கு மேல் கை எட்டும் உயரம் வரை பாருங்கள். ஃப்ருல்லானியா படர்ந்த மரத்தில் இருமடங்கு நேரம் செலவிடலாம். கோக்கோகார்ப்பியா பால்மிகோலா என்ற நீலச்சாம்பல் லைக்கனோ லோபாரியா ஸ்க்ரோபிகுலாட்டாவோ தென்பட்டால் சூழல் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தோப்பை விட்டு அவசரமாக நகர வேண்டாம். பட்டையைத் தேய்த்தபடி நடக்காதீர்கள், மரத்தில் சாயாதீர்கள். சில மில்லிமீட்டர் அளவுள்ள குஞ்சுகள் தோளுரசலில் உதிர்ந்துவிடும்.

கிடைத்தால் எழுத வேண்டியவை: இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி, மர இனம், மார்பு உயரத்தில் மரத்தின் விட்டம், மரம் உயிரோடு இருக்கிறதா, லைக்கன் எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, குறுக்களவு மில்லிமீட்டரில், அப்போதீசியம் உண்டா, ஓரம் பழுத்திருக்கிறதா, நத்தை சுரண்டிய தடம் உண்டா. அளவுகோலை அருகில் பிடித்து ஒரு படம், மரம் முழுவதும் தெரிய ஒரு படம். மரத்தில் ஆணி அடிக்கவோ சாயம் பூசவோ வேண்டாம். பக்கத்து மரத்தின் தென்பக்கத்தில் நாடா கட்டினால் அடுத்த முறை கண்டுபிடிக்கப் போதும். துல்லியமான இடத்தைப் பொதுவெளியில் போடாமல் மாகாண வனவுயிர்த் துறையிடம் கொடுக்க வேண்டும். ஆள் நடமாட்டமே அந்தச் சதுப்புத் தரையைக் கெடுத்துவிடும்.

பெரிய லைக்கனைப் பார்த்துப் படமெடுத்ததும் திரும்பிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அதைச் சுற்றி ஐந்தாறு மீட்டருக்குள் இருக்கும் இளம் ஃபிர் மரங்களைப் பூதக்கண்ணாடியோடு ஒவ்வொன்றாகப் பாருங்கள், மெல்லிய கிளைகளையும் விடாதீர்கள். ஃப்ருல்லானியாவின் நடுவே, ஓரம் வெளுத்து, அப்போதீசியம் இன்னும் வராத சிறு நீலப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். எத்தனை கண்டீர்கள் என்று தனி வரியில் எழுதுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் பூஜ்ஜியம் என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். பார்த்தும் இல்லாததையும் பார்க்காமலே விட்டதையும் அடுத்த ஆண்டு வருபவர் பிரித்தறிய அந்தப் பூஜ்ஜியம்தான் வழி.